ஆனையிறவில் ஆனை பார்க்கப் போனோம்

ஆனையிறவு ஸ்ரேசனில் கோச்சியால் இறங்கியதும் என் மகள் வதனி செய்த முதல் வேலை, மூக்கை உயர்த்தி மணம் பிடித்ததுதான். அப்போது அவளுக்கு ஆறு வயது, இரண்டாம் வகுப்பு. மஞ்சள் பூப்போட்ட சட்டையும் எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னலுமாக நின்றாள். இரண்டு இதரை வாழைப்பழங்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா, ஆனை மணம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

என் மனைவி பரமேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயம் எழுதலாம். "நீங்கள் செய்த வேலை, நீங்களே பாருங்கோ" என்பது அதன் சுருக்கம். நான் சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டு, "முதல் வெயிலுக்கு ஒதுங்குவம்" என்றேன்.

காற்றில் உப்பும் சேறும்தான் மணத்தன. நாலு வயது மகன் ரவி, பறந்துபோன தன் தொப்பியைத் துரத்திக்கொண்டு மேடையில் ஓடினான். ஆனையிறவில் ஆனை இல்லை என்பது யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்குத்தான் அதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பாப்பம்

போன கிழமை நான் வேலை பார்த்த தபால் கந்தோரைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியதை வாசித்த ஒருவர், "உமக்கு அங்கே வேலை செய்ய நேரம் இருந்ததா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருந்தது ஐயா. நேரம் இருந்தது, வேலையும் தெரிந்திருந்தது. "இல்லை" என்று சொல்லத்தான் தெரியாமல் இருந்தது.

எங்கள் ஊரில் அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறோம். பாப்பம். எழுத்தில் பார்ப்போம். கலியாணத்துக்குக் குடும்பத்தோடு வருவியளோ என்று கேட்டால் பாப்பம். வேலியை எப்போது அடைப்பது என்றால் பாப்பம். கேட்டவர் மனம் நோகாமல் போய்விடுவார். நாங்களும் ஒரு பொய்யும் சொல்லாதவர்களாகக் கதிரையில் சாய்ந்துகொள்ளலாம்.

பெரியவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. பாப்பம் என்று ஒருவர் சொன்னால் அலுவல் முடிந்தது, வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று விளங்கிக்கொள்வார்கள். நான் இந்தச் சொல்லைக் கந்தோரிலும் வீட்டிலும் தாராளமாகப் புழங்கிவந்தேன். "உங்கடை பாப்பத்தை எல்லாம் குவிச்சு வைச்சால் எங்கடை வளவிலை இடம் காணாது" என்று பரமேஸ் சொல்வாள்.

அந்தப் புதன்கிழமை பின்னேரம் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வதனி கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை ஆனையிறவுக்குத்தானே போறம்?"

"ஓம்."

"அங்கை ஆனை பாப்பமோ?"

"பாப்பம்" என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

இதில் நடந்த கூத்தைப் பாருங்கள். அவள் கேட்டது கண்ணால் பார்க்கிற பாப்பம். நான் சொன்னது தட்டிக் கழிக்கிற பாப்பம். இரண்டும் ஒரே சொல்தான். அவள் துள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினது எனக்குக் கேட்டது. ஏன் இந்தத் துள்ளல் என்று யோசிக்கக்கூட இல்லை.

கைக்கு அடங்கின ஊர்சுற்றல்

கொழும்பில் மிருகக்காட்சிச்சாலை இருந்தது. எங்கள் கந்தோரில் ஒருவர் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து மூன்று மாதம் அதையே கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. நாலு பேர் கொழும்புக்குப் போய்த் தங்கி வருவதென்றால் அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் குடாநாட்டுக்குள் என்ன இருக்கிறதோ அதையே பிள்ளைகளுக்குக் காட்டுவதென்று வைத்திருந்தேன்.

கீரிமலைக்குப் போனால் கேணியில் குளிப்பு. பிறகு கடற்கரைக் கல்லுகளில் குந்தியிருந்து நண்டு பார்ப்பது. ஒருமுறை ரவி ஒரு நண்டைச் செம்புக்குள் போட்டு ஒருவருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அது கிணற்றடி உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குக் கீழே குடியேறியது. பரமேஸ் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாமல் என்னைத் தண்ணீர் அள்ள வைத்தாள்.

மாரி முடிய வல்லை வெளியில் சைக்கிளை நிறுத்தி நாரை எண்ணுவோம். ரவிக்கு அப்போது பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆகவே எத்தனை நின்றாலும் பன்னிரண்டுதான்.

நெடுந்தீவில் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன, காட்டலாம் என்று ஒரு தரம் சொன்னேன். "கடல் கடந்து கொண்டுபோய்க் குதிரை காட்டத் தேவையில்லை. என்ரை பிள்ளையள் குதிரை பாக்காமலே வளரட்டும்" என்றாள் பரமேஸ். மோட்டர் வள்ளத்தின் எண்ணெய் மணம் அவளுக்குத் தலைச்சுற்று. அந்த விஷயம் அதோடு முடிந்தது.

ஆனையிறவு அவளே கேட்ட இடம். கலியாணம் முடித்த புதிதில் கோச்சியில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடந்ததைப் பார்த்தவள், ஒருநாள் அங்கே இறங்கி நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நான் வழக்கம்போலப் பாப்பம் என்றிருந்தேன். ஏழு வருசம் கழித்து அது நிறைவேறியது. என் சரித்திரத்தில் இப்படி நடந்தது மிகக் குறைவு.

கோச்சிக்குள் வந்த சேதி

சுன்னாகத்தில் விடியவே ஏறினோம். ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் நின்று மூச்சு வாங்கிப் போகிற கோச்சி. வாழையிலையில் கட்டின தோசையும் சம்பலும், ஒரு போத்தல் தேத்தண்ணி, ஒரு சீப்பு வாழைப்பழம். நாவற்குழிப் பாலத்தில் ரவி யன்னலால் தலையை நீட்டப் பார்த்து முதுகில் ஒரு அடி வாங்கினான்.

கொடிகாமத்தில் பழம் விற்கிறவர்கள் ஏறி இறங்கிப் பெட்டி கொஞ்சம் காலியானது. அப்போதுதான் வதனி சாவதானமாகச் சொன்னாள்.

"நாளைக்கு ரீச்சர் என்னை முன்னுக்கு வந்து நிண்டு ஆனையைப் பற்றிச் சொல்லச் சொன்னவ."

"எந்த ஆனை?" என்றாள் பரமேஸ்.

"இண்டைக்குப் பாக்கப் போற ஆனை."

கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கொழும்புக்குப் போய் ஆனை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு கிழமையாக வகுப்பு முழுக்க அவளைச் சுற்றித்தான் நின்றிருக்கிறது. வதனி வியாழக்கிழமை எழும்பி, தானும் ஆனை பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கே என்று கேட்டதற்கு ஆனையிறவில் என்றாளாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். "அப்பா சொன்னவர்" என்று இவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் பார்த்தார். "சரி, பாத்துப்போட்டு வந்து திங்கட்கிழமை சொல்லுங்கோவன்" என்றுவிட்டார்.

"அப்பா சொன்னவர்தானே அம்மா" என்று முடித்தாள் வதனி. ஒரு துளி சந்தேகமும் அவள் முகத்தில் இல்லை.

பரமேஸ் என் காதோடு குனிந்தாள். "இஞ்சருங்கோ, இப்பவே பிள்ளையிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். பளைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பரந்தன் பக்கமிருந்து மரம் இழுக்கிற ஆனை எதையாவது யாராவது நடத்திக்கொண்டு வரமாட்டார்களா என்று ஒரு பைத்தியக்கார நினைப்பும் வந்தது. "பாப்பம்" என்றேன், பரமேசிடம்.

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பையிலிருந்து வதனி தன் பங்கு வாழைப்பழத்தை எடுத்தாள். சாப்பிடவில்லை. பிறகு தாயிடம் கேட்டு இன்னொன்றும் எடுத்தாள். ஆனைக்காம். சின்ன ஆனையாக இருந்தால் இரண்டு போதும் என்றாள்.

கிடுகு போர்த்த குவியல்கள்

ஸ்ரேசனிலிருந்து றோட்டுக்கு ஏறி உப்பளப் பக்கமாக நடந்தோம். மாசி மாத வெயில், காற்று மட்டும் நல்ல காற்று. ஓரமாகச் சின்ன மலைகள்போல உப்பைக் குவித்துத் தென்னோலைக் கிடுகால் மூடியிருந்தார்கள். கிடுகு பழசாகிச் சாம்பல் நிறத்தில் முதுகு வளைந்து கிடந்தது.

ரவிதான் முதலில் கண்டான். "ஆனை, ஆனை" என்று கத்திக்கொண்டு ஓடினான். வதனி பின்னால் ஓடினாள், வாழைப்பழத்தை விடாமல். கிட்டப் போனதும் ரவி கிடுகுக்குள் கையை விட்டு, விரலை நக்கி, "உப்பு ஆனை" என்றான். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வதனி திரும்பி வந்து, "அது ஆனை இல்லை அப்பா" என்றாள். என்னைத் திருத்துகிற குரலில் அல்ல. எனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னாள்.

தண்ணீர்க் கரைக்கு வந்தோம். அங்கே ஒரு காட்சி இருந்தது. தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பறவைகள். நீண்ட கால், வளைந்த கழுத்து, வெள்ளையில் இளஞ்சிவப்பு. பூநாரைகள். ஏதோ சத்தத்துக்கு ஒரு பக்கத்துக் கூட்டம் எழும்பியபோது செட்டைகளின் உட்புறம் சிவப்பாகத் தெரிந்தது. பரமேஸ் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏழு வருசம் காத்திருந்ததற்கு அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ரவி பன்னிரண்டு என்றான்.

"வடிவாயிருக்குது என்ன பிள்ளை?" என்று வதனியைக் கேட்டேன்.

"ஓம் அப்பா" என்றாள் மரியாதையாக. ஆனால் அவள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நல்ல மனிதர் சொன்ன பொய்

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியால் வந்தார். தலையில் துவாய், முழங்கால் வரை காய்ந்த உப்பு. வதனி நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, ஆனை எப்ப வரும்?"

அவர் பிள்ளையைப் பார்த்தார், வாழைப்பழத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடியில் முழுக்க விளங்கிக்கொண்டார். இப்படி எத்தனை பிள்ளைகளைக் கண்டிருப்பாரோ தெரியாது.

"அட, ஆனையோ? நேற்றுப் பின்னேரம்தானே பிள்ளை வந்தது. இந்தக் கரையிலைதான் நிண்டு தண்ணி குடிச்சுப்போட்டு உங்காலை போட்டுது" என்று தெற்குப் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு உயிர் வந்தது. அந்த மனிதர் காலில் விழலாம்போல இருந்தது. நேற்று வந்து போன ஆனைக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? பிள்ளைக்கும் வகுப்பில் சொல்ல ஒரு கதை இருக்கும்.

வதனி குனிந்து தரையைப் பார்த்தாள். கரையோரச் சேறு களியாக இருந்தது. பறவைகள் நடந்த அடையாளம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. ஒரு நாயின் தடம் இருந்தது. எங்கள் நாலு பேரின் செருப்பு அடையாளமும் இருந்தது. அவள் கொஞ்சத் தூரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆனையின்ரை கால் அடையாளம் எங்கை?"

அவர் துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "பிள்ளை கெட்டிக்காரி" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வதனி என்னிடம் வந்தாள். "அவர் சொன்னது உண்மையோ அப்பா?"

நான் சேற்றில் குந்தினேன்.

"இல்லைப் பிள்ளை. இஞ்சை ஆனை இல்லை. பேர் மட்டும்தான்."

"நேற்றும் வரேல்லையோ?"

"வரேல்லை. ஒல்லாந்தர் காலத்திலை வன்னியிலை பிடிச்ச ஆனையளை இந்தத் தண்ணிக்குள்ளாலை நடத்திக்கொண்டு போனவையாம். அதாலை வந்த பேர். அது என்ரை அப்பாவும் பிறக்க முந்தி."

"உங்களுக்கு அது முந்தியே தெரியுமோ?"

இந்தக் கேள்விதான் வந்துவிடக் கூடாதென்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். "ஓம்" என்றேன்.

"அப்ப ஏன் பாப்பம் எண்டனீங்கள்?"

பாப்பம் என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். சில நேரம் மாட்டன் எண்டு சொல்ல மனமில்லாமல் பெரிய ஆக்கள் அப்பிடிச் சொல்லுறது, அது நடக்காது எண்டதுதான் அர்த்தம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாளித்திருப்பேன்.

"அப்ப கிளி?" என்றாள். "தைப்பொங்கலுக்குக் கிளி கேக்க, பாப்பம் எண்டனீங்கள்."

நான் செருப்பில் ஒட்டின சேற்றைச் சுரண்டினேன்.

"சின்னச் சைக்கிள்?"

"பிள்ளை..."

"எனக்கு இப்ப விளங்குது" என்றாள்.

என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். அந்த மூன்று சொல் அளவுக்கு ஒன்றும் சுடவில்லை.

"நாளைக்கு ரீச்சரிட்டை என்ன சொல்லுறது?" என்று பிறகு கேட்டாள்.

"அப்பா பிழை விட்டிட்டார் எண்டு சொல்லுங்கோ. அப்பாவிலைதான் பிழை."

"எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னாலையோ?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலை."

அதைச் சொன்னதும் எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம் வந்துவிட்டது. பிள்ளையிடம் பிழையை ஒத்துக்கொள்கிற தகப்பன் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். வாழைப்பழம் இரண்டையும் அவள் ரவியிடம் கொடுத்துவிட்டாள். பின்னேரக் கோச்சியில் தாயின் மடியில் தலை வைத்துச் சுன்னாகம் வரை நித்திரை.

சந்தையில்

திங்கட்கிழமை பின்னேரம் வேலையால் வந்ததும் கேட்டேன். "ரீச்சர் கேட்டவவோ?"

"ஓம். சொன்னனான்" என்றாள் வதனி. கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் மேலே கேட்கவில்லை. கேட்காமல் விடுவதும் எனக்குக் கைவந்த கலைதான்.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை வதனியையும் கூட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் குடை பிடித்தபடி ரீச்சர் நின்றார். என்னைத் தெரியும், கந்தோருக்கு வருகிறவர். என் பக்கத்தில் கந்தோர் சிநேகிதர் ஒருவரும் பை பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, ஆனை பாத்தாச்சோ?" என்று ரீச்சர் சிரித்தார். "அண்டைக்கு வகுப்பு முழுக்கச் சிரிச்சுப்போட்டுது. இப்பவும் சில பெடியள் இவவை ஆனையிறவு எண்டுதான் கூப்பிடுறாங்கள். நான் ஏசினாலும் கேக்கிறாங்களில்லை."

"ஓமோ?" என்றேன்.

"ஆனால் பிள்ளை நேர்மையான பிள்ளை. முன்னுக்கு வந்து நிண்டு, 'அப்பா சரியாத்தான் சொன்னவர் ரீச்சர், எனக்குத்தான் பிழையா விளங்கினது' எண்டு சொன்னவ. அழவும் இல்லை."

சிநேகிதரும் சேர்ந்து சிரித்தார். என் சிறு விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற வதனி தலையைக் குனிந்து வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். இல்லை ரீச்சர், பிழை என்னிலைதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? மூச்சு விடுகிற நேரம்கூட வேண்டாம். அந்தச் சேற்றில் குந்தியிருந்து அவளிடம் சொன்னதுதானே.

"ஓம் ரீச்சர்" என்றேன். "சின்னப்பிள்ளைதானே. விளங்காமல் போச்சுது."

வதனி நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. விரலையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த வருசம் முடியும் வரை பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் இருந்ததாகப் பரமேஸ் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது அவளுக்குக் கலியாணம் முடிந்து கைக்குழந்தையும் இருக்கிறது. இன்றுவரை ஒரு சண்டையிலும், ஒரு பகிடியிலும் அதை அவள் எடுத்ததில்லை.

ரீச்சர் வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார். இந்தப் பத்திரிகையை ஒரு கிழமையும் தவறவிடாமல் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ரீச்சர், என் மகளுக்கு அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் விளங்கியிருந்தது. உங்கள் வகுப்பில் நின்று அவள் சொன்ன ஒரே பொய், எனக்காகச் சொன்னது.